சூரிய வெந்நீர் பம்புக்கு வீட்டிலேயே செய்த கட்டுப்பாட்டுப் பெட்டி: காலையில் விட்டு விட்டு ஓடுகிறது, என்ன செய்யலாம்?

#1 கூரைவெயில்

அனைவருக்கும் வணக்கம். கூரைமேல் 4 சதுர மீட்டர் அளவில், வெயிலில் நீரைச் சூடேற்றும் கண்ணாடி மூடிய தட்டைக் கலெக்டர், கீழே 200 லிட்டர் தொட்டி. கலெக்டர் மேலே, தொட்டி கீழே என்பதால் சூடான நீர் தானாக இறங்காது. பம்பு வைத்துத்தான் சுற்றவிட வேண்டும். இதுவரை ஒரு டைமர் அந்த வேலையைச் செய்தது. காலை 9 மணிக்கு ஓடத் தொடங்கும், மாலை 4 மணிக்கு நிற்கும். மேகம் மூடிய நாளிலும் அதே கடமையுணர்ச்சி. முதல் நாள் சூடேறிய நீரையெல்லாம் கூரைக்கு ஏற்றி, ஆறவைத்து, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

பொறுக்க முடியாமல் நானே ஒரு பெட்டி செய்தேன். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகை, இரண்டு டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார்கள், பம்பின் மின்சாரத்தைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே பலகை. கலெக்டர் வெப்பம் தொட்டி வெப்பத்தைவிட 5 டிகிரி கூடினால் பம்பு ஓடும். வித்தியாசம் 4 டிகிரிக்குக் குறைந்தால் நிற்கும். மேசைமேல் ஒரு குவளை வெந்நீரும் ஒரு குவளை தண்ணீரும் வைத்துப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது.

கூரையில் ஏற்றிய பிறகுதான் தொல்லை. காலை 8.30 முதல் 10 மணி வரை பம்பு ஒரு நிமிடம் ஓடுகிறது, நான்கு நிமிடம் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ரிலே போடும் டக் டக் சத்தத்தில் வீட்டில் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். நிரலில் தவறா, அல்லது வேறு ஏதாவதா?

#2 செம்புக்குழாய்

நிரலை விடுங்கள். சென்சார் இரண்டையும் எங்கே வைத்திருக்கிறீர்கள்? "கலெக்டர் பக்கம்", "தொட்டி பக்கம்" என்றெல்லாம் சொல்லாமல், எத்தனை விரற்கடை தள்ளி என்று சொல்லுங்கள்.

#3 கூரைவெயில்

மேல் சென்சார், கலெக்டரை விட்டு வெளியே வரும் வெந்நீர்க் குழாயில், சுமார் ஒரு மீட்டர் தள்ளி. அங்கேதான் கை எட்டியது. நாடா சுற்றி ஒட்டியிருக்கிறேன். கீழ் சென்சார், தொட்டியின் மேல்பகுதியில் வெப்பமானிக்காக விட்டிருந்த துளையில்.

#4 செம்புக்குழாய்

இரண்டும் தவறு. கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் தடவை கட்டுகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வைக்கிறார்கள். கை எட்டும் இடம்தான் எல்லாருக்கும் நல்ல இடமாகத் தெரியும்.

மேல் சென்சாரை எடுத்துக்கொள்வோம். பம்பு நின்றிருக்கும்போது நீரும் நின்றிருக்கிறது. கலெக்டருக்குள் இருக்கும் நீர் வெயிலில் காய்கிறது. ஒரு மீட்டர் தள்ளிக் குழாயில் இருக்கும் நீருக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது. அது காலைக் காற்றின் வெப்பத்தில் சும்மா நிற்கும். செம்பின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கசிந்து வந்த பிறகுதான் உங்கள் பெட்டிக்கு வெயில் வந்ததே தெரியும். சென்சார் கலெக்டரின் வெளிவாயை ஒட்டி இருக்க வேண்டும். முடிந்தால் பெட்டிக்கு உள்ளேயே, மேல் தலைக்குழாய் வெளியேறும் மூலையில். முடியாவிட்டால் வாயிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள். உலோகத்தோடு உலோகம் படும்படி கிளிப் போட்டு இறுக்கி, நடுவில் வெப்பப் பசை தடவி, மேலே நன்றாகக் காப்பு சுற்றுங்கள். காப்பு இல்லாவிட்டால் பாதிக் காற்றையும் பாதிக் குழாயையும்தான் அது அளக்கும். நாடா வெயிலில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

அடுத்தது தொட்டி. தொட்டிக்குள் நீர் அடுக்கடுக்காக நிற்கும், மேலே வெந்நீர், அடியில் குளிர்ந்த நீர். மேலே 50 டிகிரியும் அடியில் 25 டிகிரியும் ஒரே நேரத்தில் இருக்கலாம். கலெக்டருக்குப் போகப்போவது எந்த நீர்? அடி நீர். அப்படியென்றால் ஒப்பிட வேண்டியதும் அடி நீரைத்தான். நீங்கள் மேலே வைத்திருப்பதால், கலெக்டர் 55 டிகிரி தொடும்வரை பம்பு காத்துக்கிடக்கும். அதற்குள் காலை வெயிலில் ஒரு பங்கு வீண்.

இனி உங்கள் டக் டக். குழாயின் உள்விட்டமும் நீளமும் என்ன?

#5 கூரைவெயில்

உள்விட்டம் 20 மில்லிமீட்டர். ஏற 12 மீட்டர், இறங்க 12 மீட்டர். பம்பின் ஓட்டம் வாளி வைத்து அளந்தேன், நிமிடத்துக்கு 3 லிட்டர்.

#6 செம்புக்குழாய்

வாளி வைத்து அளந்தவருக்கு ஒரு வணக்கம். பலர் பம்பின் அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணைச் சொல்வார்கள்.

20 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு 0.31 லிட்டர் நிற்கும். 12 மீட்டருக்கு 3.8 லிட்டர். இரவெல்லாம் குழாயில் நின்று குளிர்ந்த இந்த நீர் முழுவதும், பம்பு ஓடத் தொடங்கியதும் கலெக்டருக்குள் பாய்கிறது. ஒன்றேகால் நிமிடம் ஆகும் அது தீர. அதற்குள் உங்கள் சென்சார் குளிர்ந்து, பெட்டி பயந்து, பம்பை நிறுத்திவிடுகிறது. 5-க்கும் 4-க்கும் நடுவில் ஒரே ஒரு டிகிரி இடைவெளி வைத்தால் வேறென்ன நடக்கும்?

#7 டிரான்சிஸ்டர் தாத்தா

இதற்கெல்லாம் கணினியா? எல்எம்393 என்ற ஒப்பீட்டி ஐசி ஒன்று, வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் இரண்டு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. என் பெட்டி பதினாறு ஆண்டுகளாக ஓடுகிறது. ஒருமுறைகூட நிரல் எழுதியதில்லை, ஒருமுறைகூட மறுதொடக்கம் செய்ததில்லை. ஒவ்வொரு தெர்மிஸ்டரோடும் ஒரு மின்தடையைத் தொடராகப் போட்டு, நடுப்புள்ளி இரண்டையும் ஒப்பீட்டியின் இரு கால்களுக்குக் கொடுங்கள். வெளியீட்டிலிருந்து நேர்க்காலுக்கு ஒரு பின்னூட்ட மின்தடை. இடைவெளியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

#8 குறிமுறை

தாத்தாவின் சுற்றைக் குறை சொல்ல வரவில்லை, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. தெர்மிஸ்டர் நேர்கோட்டில் மாறுவதில்லை. பீட்டா (வெப்பத்தோடு மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3950 உள்ள தெர்மிஸ்டரோடு 10 கிலோ ஓம் மின்தடை, 5 வோல்ட் மின்சாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 53 மில்லிவோல்ட் மாற்றம் வருகிறது, 60 டிகிரியில் 28-தான். காலையில் 8 டிகிரி வித்தியாசத்துக்குத் திருகி வைத்த பெட்டி, தொட்டி சூடேறிய பிறகு கிட்டத்தட்ட 15 டிகிரி கேட்கும்.

#9 டிரான்சிஸ்டர் தாத்தா

தம்பி, 10 கிலோ ஓம் போடச் சொன்னது யார்? 3.3 போடு. 30 டிகிரியிலும் 60 டிகிரியிலும் டிகிரிக்கு 44 மில்லிவோல்ட் வரும், நடுவில் 48 வரை போகும். வெந்நீர்ப் பெட்டிக்கு அது போதும். பின்னூட்டத்துக்கு 47 கிலோ ஓம் போட்டால் 30 டிகிரியில் ஐந்து டிகிரிக்கு மேல் இடைவெளி கிடைக்கும், 60-ல் மூன்றரை. எல்எம்393-இன் வெளியீடு திறந்த கலெக்டர் வகை (கூரைக் கலெக்டர் அல்ல; வெளியீட்டைக் கீழே இழுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும்) என்பதால் அதை மேலே இழுக்கும் மேலிழுப்பு மின்தடையை மறந்துவிடாதே. மறந்துவிட்டு "ஐசி கெட்டுவிட்டது" என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

#10 குறிமுறை

3.3 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

கூரைவெயில், ஆர்டுயினோவிலேயே தொடர்வதானால் மூன்று மாற்றங்கள் போதும். தொடக்கம் 8 டிகிரி, நிறுத்தம் 2 டிகிரி. தொடங்கிவிட்டால் குழாயின் பழைய நீர் தீரும்வரை, மூன்று நிமிடமாவது, என்ன நடந்தாலும் நிறுத்தாதே. நின்றுவிட்டால் இரண்டு நிமிடமாவது தொடங்காதே. பம்பு இப்போது ஓடுகிறதா என்பதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ஓடும்போது நிறுத்தும் நிபந்தனையை மட்டும், நிற்கும்போது தொடங்கும் நிபந்தனையை மட்டும் பாருங்கள்.

#11 கணக்குப்பிள்ளை

8-க்கும் 2-க்கும் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் 6, 3 என்பார். அதற்கடுத்த நாள் ஒருவர் 10, 5 என்பார்.

நின்ற நீரின் 8 டிகிரியும் ஓடும் நீரின் 8 டிகிரியும் ஒன்றல்ல. கண்ணாடி மூடிய தட்டைக் கலெக்டர், ஒரு டிகிரி கூடுதல் சூட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 வாட் வீதம் காற்றுக்கு இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சதுர மீட்டருக்கு 16 வாட். நீர் நின்றிருக்கும்போது கலெக்டர் தொட்டியைவிட 8 டிகிரி கூடுதலாக இருக்கிறதென்றால், அந்த நேரத்தில் நீர் ஓடினால் கிடைக்கப்போகும் வெப்பம் எட்டுப் பதினாறு, அதாவது சுமார் 128 வாட். பம்பு நிமிடத்துக்கு 3 லிட்டர் தள்ளுகிறது. அவ்வளவு நீரை ஒரு டிகிரி சூடேற்ற 209 வாட் வேண்டும். ஆக, ஓடத் தொடங்கிய பின் வித்தியாசம் எவ்வளவு? 0.6 டிகிரி. வெறும் 0.6!

காலையில் விட்டு விட்டு ஓடுவதை 8, 2 என்று வைத்தும் அடியோடு ஒழிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். நிறுத்தும் எல்லையை 0.6-க்குக் கீழே கொண்டுபோகலாமா என்றால், சென்சாரின் பிழையே பிளஸ் மைனஸ் 0.5 டிகிரி. இரண்டு சென்சாரும் எதிரெதிர்ப் பக்கம் பிழைத்தால் இரவிலும் பம்பு நிற்காது. அதனால் 2-இலேயே வைத்து, வெயில் ஏறும்வரை இரண்டு மூன்று தடவை ஓடி நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல வெயிலில், சதுர மீட்டருக்கு 800 வாட் விழும்போது, பாதி கிடைத்தால்கூட 1600 வாட். வித்தியாசம் 7 டிகிரிக்கு மேலே நிற்கும். மந்தமான 300 வாட் வெயிலில் நாற்பது விழுக்காடு கிடைத்தால் 480 வாட், வித்தியாசம் 2.3 டிகிரி. உங்கள் பழைய 4 டிகிரி எல்லை இந்த 480 வாட்டையும் வேண்டாமென்று தள்ளிவிட்டிருக்கும். 40 வாட் பம்புக்கு 480 வாட் வெப்பம் மோசமான வியாபாரமா?

ஓட்டத்தைக் குறைத்தால் வித்தியாசம் கூடும். பம்பில் வேகத் தெரிவு இருந்தால் கீழ் வேகத்தில் போட்டு, நிமிடத்துக்கு 2 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

#12 நிழல்விழும்வீடு

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். சின்ன சோலார் மின்பலகையை நேராக ஒரு டிசி பம்புக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சென்சார், ரிலே எதுவுமே வேண்டாமே? வெயில் அடித்தால் ஓடும், அடிக்காவிட்டால் நிற்கும்.

#13 செம்புக்குழாய்

நல்ல வழிதான், நானே இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறேன். வெயில் கூடினால் ஓட்டமும் கூடும், மின்சாரம் போனாலும் கவலையில்லை. ஆனால் அதற்கு வெளிச்சம் தெரியும், வெப்பம் தெரியாது. தொட்டி 60 டிகிரியில் இருக்கும் மாலையில், சாய்ந்த வெயிலில் கலெக்டர் 50-ல் இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டி கொதிக்கும் நிலைக்கு வந்தாலும் நிற்காது. அந்தப் பம்போடு ஒரு வெப்பச் சுவிட்சாவது சேருங்கள்.

#14 கூரைவெயில்

சென்சார்களை இடம் மாற்றிவிட்டேன். 8, 2, மூன்று நிமிடம், பம்பு கீழ் வேகத்தில். இன்று காலை பம்பு இரண்டே முறை ஓடி நின்று, மூன்றாம் முறை தொடங்கியது மாலைவரை நிற்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கும் செம்புக்குழாய் ஐயாவுக்கும் கோடி நன்றி.

ஆனால் புதிதாக ஒன்று. நேற்று நள்ளிரவு 2 மணிக்குப் பம்பு ஓடும் சத்தம் கேட்டு எழுந்தேன். திரையில் கலெக்டர் 85 டிகிரி என்று காட்டியது. நள்ளிரவில்! காலையில் தொட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

#15 குறிமுறை

சரியாக 85.00 தானே? அது வெப்பமல்ல. டிஎஸ்18பி20 மின்சாரம் பெற்றவுடன் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தொடக்க எண் அது. அளவெடுக்கச் சொல்லி, 12 பிட் துல்லியத்துக்கு 750 மில்லிவிநாடி காத்திருந்து படித்தால்தான் உண்மை வெப்பம் வரும். நடுவில் சென்சாருக்கு ஒரு நொடி மின்சாரம் தடுமாறினாலும் 85 வரும். கம்பி அறுந்தால் வழக்கமான நிரல்தொகுப்பு மைனஸ் 127 என்று சொல்லும். அதையாவது பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துகொள்ளலாம். 85 வில்லங்கமானது, வெயில் நேரத்தில் உண்மையாகவே வரக்கூடிய எண்.

முந்தைய அளவு 20, இப்போது 85 என்றால் நம்பாதீர்கள். தொடர்ந்து ஐந்து தடவை ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கூரைவரை இரண்டு கம்பியில் இழுத்திருந்தால் மூன்று கம்பியாக்குங்கள். மேலிழுப்பு மின்தடை 4.7 கிலோ ஓமுக்குப் பதிலாக 2.2 போட்டுப் பாருங்கள், நீளமான கம்பிக்கு உதவும். ரிலேச் சுருளுக்குத் தனி மின்வழங்கி கொடுத்தால் இன்னும் நல்லது.

#16 டிரான்சிஸ்டர் தாத்தா

என் பெட்டிக்கு 85 என்ற எண்ணே தெரியாது. சொல்லிவைத்தேன்.

சும்மா போகக்கூடாது என்பதற்காக ஒரு உபகாரம்: ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு இருக்கிறதா பாருங்கள். பம்பை நிறுத்தும்போது ரிலே முனைகளில் தீப்பொறி பறக்கும், அந்த இரைச்சல்தான் நுண்கட்டுப்படுத்திகளைக் குழப்பும். முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராகப் போடுங்கள். மின்தேக்கி, வீட்டு மின்சாரத்துக்குக் குறுக்கே போடவென்றே செய்த எக்ஸ்2 வகையாக இருக்க வேண்டும். வேறு எதையாவது போட்டால் பெட்டி கருகும், வீட்டில் உங்கள் பெயரும் கெடும்.

#17 செம்புக்குழாய்

நீங்கள் எல்லாரும் 85-ஐத் துரத்திக்கொண்டு போகிறீர்கள். பம்பு எத்தனை நிமிடம் ஓடியது?

#18 கூரைவெயில்

பதிவில் பார்த்தால் மூன்றே நிமிடம். பிறகு தானாக நின்றிருக்கிறது.

#19 செம்புக்குழாய்

நிமிடத்துக்கு 2 லிட்டர், மூன்று நிமிடத்தில் 6 லிட்டர். 200 லிட்டர் தொட்டி அதனால் வெதுவெதுப்பாகுமா? திருடன் வேறு எங்கோ இருக்கிறான்.

தொட்டி கீழே, கலெக்டர் மேலே. இரவில் கலெக்டர் திறந்த வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. தொட்டியின் வெந்நீர் இறங்கு குழாய் வழியாகவே எதிர்த்திசையில் ஏறும், கலெக்டரில் ஆறி மறு குழாயில் இறங்கும். பம்பு இல்லாமலே இரவு முழுவதும் இந்தச் சுற்று நடக்கும். இதைத் தடுக்கத்தான் என்ஆர்வி என்று நாங்கள் சொல்லும் ஒருவழி வால்வு. உங்களிடம் இருக்கிறதா? இருந்தாலும் நம்ப வேண்டாம். இன்று இரவு பம்பின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். இருட்டி மூன்று மணி நேரம் கழித்துக் கலெக்டருக்கு அருகே வெந்நீர்க் குழாயின் காப்பை விலக்கித் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும்.

#20 கூரைவெயில்

இளஞ்சூடாக இருந்தது! பம்பு பிடுங்கியபடியே இருக்கிறது, குழாய் சுடுகிறது. இருட்டில் ஏணிமேல் நின்றுகொண்டு சிரித்தேன்.

காலையில் ஒருவழி வால்வைக் கழற்றினேன். மரை இடுக்கில் சுற்றும் வெள்ளை நாடாவின் துணுக்கு ஒன்று வால்வின் மூடி வந்து உட்காரும் இடத்தில் மாட்டி, வால்வு முழுதாக மூடாமல் நின்றிருக்கிறது. சுற்றியது நான்தான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. துடைத்துவிட்டு, சுருள்வில் உள்ள வால்வாக மாற்றிவிட்டேன்.

#21 கணக்குப்பிள்ளை

இன்னொன்றும் பாருங்கள். மின்சாரம் போய்ப் பம்பு நின்ற உச்சிவெயிலில் தட்டைக் கலெக்டர் 150 டிகிரியையும் தாண்டும், வெற்றிடக் குழாய் வகை 200-ஐத் தாண்டும். டிஎஸ்18பி20-இன் மேல் எல்லை 125 டிகிரி. அதன் பிவிசி கம்பி உறை அதற்கு முன்பே இளகிவிடும். கலெக்டர் பக்கத்துக்குப் பிடி1000 என்ற பிளாட்டினம் மின்தடைச் சென்சார்தான் சரி. 0 டிகிரியில் 1000 ஓம், 100 டிகிரியில் 1385 ஓம், சிலிக்கோன் உறைக் கம்பி. தொட்டிப் பக்கம் பழையதே இருக்கட்டும். கலெக்டர் 110 டிகிரிக்கு மேல் போய்விட்டால் பம்பைத் தொடங்கவே கூடாது என்றும் நிரலில் எழுதுங்கள். நீராவிக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்துவது குழாய்க்கும் கண்ணாடிக்கும் நல்லதல்ல.

#22 செம்புக்குழாய்

தொட்டிக்கும் 65 டிகிரியில் ஒரு நிறுத்தம் வையுங்கள். தோல் வெந்துபோகாமல் இருக்கவும் உப்புப் படிவு குறையவும். ஆனால் அழுத்த விடுவிப்பு வால்வும் விரிவுக் கலமும் பெட்டியை நம்பி இருக்கக்கூடாது. நிரல் தூங்கிப்போகலாம், வால்வின் சுருள்வில் தூங்காது. பம்பு எத்தனை டிகிரி நீரைத் தாங்கும் என்பதையும் அதன் தகட்டில் படியுங்கள், சிறிய டிசி பம்புகளில் பல 60-க்கு மேல் தாங்குவதில்லை.

#23 நிழல்விழும்வீடு

பெட்டியே செத்துப்போனால் பம்பு ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? ரிலேயின் எந்த முனையில் இணைப்பது?

#24 குறிமுறை

நிற்க வேண்டும். கண்காணிப்பு டைமரை இயக்கிவையுங்கள், நிரல் உறைந்தால் எட்டு விநாடிக்குள் அதுவே மீண்டும் தொடங்கிவிடும்.

#25 செம்புக்குழாய்

ஓட வேண்டும். ஒரு தொட்டி வெந்நீர் இரவில் ஆறினால் ஒரு நாள் குளியல்தான் போகும். கலெக்டர் கொதித்தால் கலெக்டரே போகும்.

#26 குறிமுறை

விடுவிப்பு வால்வு தூங்காது என்று இப்போதுதானே சொன்னீர்கள், ஐயா?

#27 செம்புக்குழாய்

தூங்காதுதான். அதற்காகத் தினமும் எழுப்ப வேண்டுமா?

#28 கூரைவெயில்

நீங்கள் இருவரும் முடிவுக்கு வரும்வரை நான் நிற்கும் பக்கமே இணைத்திருக்கிறேன், கூடவே கையால் ஓட்ட ஒரு சுவிட்ச்.

பிடி1000 மாட்டி ஒன்பது நாள் ஆகிறது. 85 மறுபடி வரவில்லை. தாத்தா சொன்ன டையோடு ரிலே பலகையில் ஏற்கெனவே இருந்தது, மின்தேக்கியும் மின்தடையும் நான் சேர்த்தேன். நேற்று முழுவதும் மேகம். பம்பு ஒருமுறைகூட ஓடவில்லை. மாலையில் தொட்டியின் மேல்பகுதி, காலையில் இருந்ததைவிட இரண்டு டிகிரிதான் குறைந்திருந்தது. பழைய டைமர் அந்த நீரை ஏழு மணி நேரம் கூரையைச் சுற்றிக் காட்டியிருக்கும்.

அந்த டைமர் நல்ல நிலையில்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வெந்நீருக்கு மட்டும் வேண்டாம்.